நாற்பது காலில் இரண்டை ஒடித்த கதை

ஒன்றும் தெரியாதவனால் யாருக்கும் பெரிய ஆபத்து கிடையாது. அவன் பாட்டுக்குச் சும்மா இருப்பான். ஆறு மாதம் படித்தவனைக் கண்டால்தான் ஒதுங்கிப் போக வேண்டும். நான் சேலத்தில் சரியாக ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் சென்னப்பன் சார் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தார். பெங்களூரில் யாரோ வேண்டாமென்று கழித்த கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, அதற்கென்று தனி அறை தடுத்து, திரை போட்டு, 'செருப்பை வெளியே விடவும்' என்று போர்டும் மாட்டியிருந்தார். அந்த அறைக்கு நான்தான் வாத்தியார். வயது இருபத்திரண்டு. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். (அதில் ஒன்று எழுதாது.)

சார் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் "வாங்க சார், உக்காருங்க சார்" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அந்த மரியாதை எனக்கு நன்றாகத் தலைக்கேறியிருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு டைப்ரைட்டர்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்த சார், கம்ப்யூட்டர் முன்னால் வந்ததும் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு நீங்கதாங்க வெக்கணும். இது உங்க ஆயுதம்."

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையைத் தவிர வேறு பூஜை தெரியாது. (சவரிமுத்து என்று பெயரை வைத்துக்கொண்டு வேறு என்ன தெரியும்?) மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்று சந்தனத்தை அள்ளி, பெட்டியின் முன்பக்கம் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். அதன்மேல் குங்குமம். எட்டணா அளவு வைக்க வேண்டியதை வடை அளவு வைத்துவிட்டேன். சாருக்கு ரொம்பச் சந்தோஷம்.

விஜயதசமியன்று திறந்தால், கம்ப்யூட்டர் தூங்கி வழிந்தது. நூறு பெயரை ஏ, பி, சி, டி வரிசையில் அடுக்கச் சொன்னால் முன்பெல்லாம் பாதி டீ குடிப்பதற்குள் முடித்துவிடும். இப்போது கீழே இறங்கிப் போய், டீ சொல்லி, குடித்து, ஏறி வந்தாலும் அது 'எம்'மைத் தாண்டியிருக்காது.

வந்த வினை என்னவென்றால், மூன்று வாரத்தில் பரீட்சை போர்டிலிருந்து ஆய்வுக்கு வருவதாக இருந்தார்கள். அவர்கள் கொடுக்கும் பட்டியலைக் குறித்த நேரத்துக்குள் அடுக்கி அச்சடித்துக் காட்டினால் வகுப்புக்கு அங்கீகாரம். இல்லையென்றால் அறையைப் பூட்ட வேண்டியதுதான். என் வேலையும் அன்றோடு சரி.

நான் பெட்டியை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தேன். பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினேன்.

"மெஷினுக்கு வயசாயிடுச்சி சார். ப்ராசஸரை மாத்தணும். அதே சைஸ்ல இன்னும் வேகமானது பெங்களூர்ல கிடைக்குது."

சார் மோவாயைத் தடவினார். "இருக்கறது மெதுவாவாச்சும் ஓடுதுங்களே. மாத்தப் போயி, ஓடறதும் நின்னுட்டா?"

"நான் இருக்கேன் சார்!"

அதுதான் பயமே என்று அவர் சொல்லியிருக்க வேண்டும்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து மாதம்மாள் எழுந்தாள். இண்டூரில் அவள் அண்ணன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். காலையில் அந்தக் கடையில் வேலை, மதியம் எங்கள் வகுப்பு.

"சார், பூஜைக்கு மொதநாளு வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சி. ஒரே நாள்ல வயசாயிடுமா?"

"சிலபஸ்ல இல்லாததையெல்லாம் கேக்காதே, உக்காரு" என்றேன்.

(இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.)

சார் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், "நீங்க படிச்சவரு. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என்னைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். திரும்பி வரும்போது புது ப்ராசஸர் சிப்பைச் சட்டைப் பையில் வைத்து, யாராவது இடித்துவிடுவார்களோ என்று கையால் மறைத்துக்கொண்டே வந்தேன்.

ஆய்வு திங்கட்கிழமை. சனிக்கிழமை மதியம் மாணவர்களைச் சுற்றி நிற்க வைத்து ஆபரேஷனை ஆரம்பித்தேன். பழைய ப்ராசஸருக்கு மெல்லிசாக நாற்பது கம்பிக் கால். ஸ்க்ரூ டிரைவரை அடியில் விட்டு ஒரு நெம்பு நெம்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். ப்ராசஸர் மேலே வந்தது. இரண்டு கால் வரவில்லை.

"பழசுதானே, போகட்டும்" என்று சிரித்தபடி புதியதை வைத்து அழுத்தினேன். அதன் ஓர் ஓரத்தில் பிறை மாதிரி சின்னப் பள்ளம் இருந்தது. எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. செய்யும்போது எங்கோ இடித்து நசுங்கிவிட்டது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். சுவிட்சைப் போட்டேன். திரையில் ஒன்றும் வரவில்லை. அறைக்குள் கருகல் வாடை மட்டும் வந்தது.

புதியது தலைகீழாக உட்கார்ந்து வெந்துபோனது. பழையது நொண்டி. திங்கட்கிழமைக்கு இடையில் ஒரு ஞாயிறுதான் இருந்தது.

யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் ஊருக்குப் போகும் அரூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறிப் போய்விட்டால் சாருக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று படியில் காலை வைத்தேன். சுட்டது. குனிந்து பார்த்தால் காலில் செருப்பு இல்லை. அது மாடியில், போர்டுக்குக் கீழே கிடந்தது. இருந்தது அந்த ஒரு ஜோடிதான்.

திரும்பிப் படியேறினேன். வாசலிலேயே சார் நின்றுகொண்டிருந்தார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்தேன்.

"காலைல இருந்து ஒண்ணும் சாப்புடலீங்களே நீங்க" என்றார். "மொதல்ல போயி சாப்புட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

அழுகையே வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பேன்.

உள்ளே மாதம்மாள் நொண்டிச் சிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒடிஞ்ச எடத்துல அடி கொஞ்சம் மிச்சம் இருக்குங்க சார். காலு வெச்சிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குக்கூடப் போகாமல் நான் காத்திருக்க, இண்டூரிலிருந்து ஈயம் பற்றவைக்கும் கோலோடு வந்தாள். பழைய ரேடியோவில் வெட்டிய மெல்லிய கம்பியில் இரண்டு கால் செய்து ஒட்டினாள். மூச்சுக்கூட விடாமல் செய்தாள். பள்ளம் இருக்கும் பக்கத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து உட்கார வைத்தாள். திரை உயிர் பெற்றது. பழைய வேகம்தான், அதே தூக்கம்தான். ஆனாலும் நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

மூடியைத் திருகும்போது முன்பக்கத்தில் காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக விழுந்தது. மாதம்மாள் மிச்சத்தையும் சுரண்டப் போனாள்.

"வெச்ச பொட்டைத் தொடைக்கக் கூடாதும்மா, தானா உதிரணும்" என்றார் சார். அதனால்தான் அத்தனை நாள் யாரும் அதைத் தொடவில்லை.

"பாதி உதிர்ந்துடுச்சிங்க சார். உள்ளார என்னமோ இருக்கு."

உள்ளே ஒரு பட்டன் இருந்தது. பக்கத்தில் எரியாத குட்டி விளக்கு. மாதம்மாள் பட்டனை அமுக்கினாள். விளக்கு எரிந்தது. நூறு பெயரை அடுக்கச் சொன்னோம். ஆர்டர் செய்த டீ வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது!

"அட, வேகப் பட்டனுங்களா?" என்றார் சார். "எப்பவும் அமுக்கியே வெச்சிருக்கணும்னு வித்தவரே சொன்னாருங்க. உங்களுக்குத் தெரியாததா, நாம என்னத்த சொல்றதுன்னு விட்டுட்டேன்."

ஒரு தடவை அமுக்கினால் உள்ளே போய் நிற்கும், மறுபடி அமுக்கினால் வெளியே வந்துவிடும் பட்டன் அது. மூன்று பேரும் என் கட்டைவிரலையே பார்த்தோம்.

திங்கட்கிழமை ஆய்வுக்கு வந்தவர் கையில் கடிகாரத்தோடு நின்றார். எங்கள் பையன்களும் பெண்களும் நேரம் மிச்சம் வைத்தே முடித்தார்கள். "பரவாயில்லையே, நல்ல வேகம்" என்றார் அவர். நான் தரையைப் பார்த்தேன்.

"எங்க சவரிமுத்து சாரும் மாதம்மாளும் ரெண்டு நாளா அது கூடவே இருந்தாங்க" என்றார் சென்னப்பன் சார். பொய் ஒன்றுமில்லையே!

அங்கீகாரம் கிடைத்தது. மாதம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த தடவ கேள்வி கேட்டா உக்காரச் சொல்லாதீங்க, போதும்" என்றாள். மறு வருஷம் அவளும் அங்கே வாத்தியாரானாள். அன்று சார் என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தால், அதற்கப்புறம் நான் ஒரு கம்ப்யூட்டரைத் தொடத் துணிந்திருக்க மாட்டேன். முப்பது வருஷம் அந்தத் தொழிலில்தான் சோறு தின்றேன். அது அவர் போட்ட சோறு, மாதம்மாள் ஒட்டிய கால்.

என் கல்யாணத்துக்கு சார் வந்திருந்தார். கோயில் வாசலில் வைத்து, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கதை முழுவதையும் சொல்லி, கடைசியாக என் மனைவி பக்கம் திரும்பினார்.

"அம்மா, இவரு எதையாச்சும் பழசாயிடுச்சி, மாத்தணும்னு சொன்னா உடனே மாத்திடாதீங்க. தொடைச்சிப் பாத்துட்டு, ஒரு நாள் பொறுங்க."

அன்று பிடித்துக்கொண்டவள்தான். மின்விசிறி, மிக்ஸி, டிவி என எதை மாற்ற வாய் திறந்தாலும் ஈரத் துணி ஒன்று என் கைக்கு வந்துவிடும். போன வாரம் மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றேன். மேலிருந்து என் மகள், "அப்பா ரொம்ப ஸ்லோவாயிட்டாரும்மா" என்று கத்தினாள்.

"தெரியுதுடி" என்றாள் என் மனைவி. "மாத்தலாம்னுதான் இருந்தேன். சென்னப்பன் சார் பொறுத்துக்கச் சொல்லியிருக்காரே" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.