எருமை கண்டுபிடித்த பீர்

தவளைகள் மழையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு காட்டில், சடைச்சி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். இடுப்பில் ஒன்று, காலடியில் ஒன்று என்று இரண்டு குட்டி. ஒண்ட இடமில்லை. யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம்.

அந்த நேரம் பார்த்து, கப்பல் மூட்டைக்குள் ஒளிந்து ஜப்பான் போய்வந்த பெருச்சாளி ஒன்று ஆலமரத்தடியில் பீர்க்கடை போட்டது.

"சும்மா பீர் இல்ல சடைச்சி. அந்த ஊர்ல அரிசியைப் புளிக்க வச்சு சாக்கேன்னு ஒண்ணு வடிக்கிறான். அந்தப் பக்குவத்துல நம்ம பீர். ஒரு வாய் பீர், அதுக்குப் பொருத்தமா ஒரு வாய் சாப்பாடு. சமையல் உன் பொறுப்பு. திறப்பு விழாவுக்கு சிங்கராசா வர்றார். அவர் மனசு குளிர்ந்தா கடைக்குப் பின்னால இருக்கிற வளை உனக்கு. முகம் சுளிச்சார்னா குட்டிங்களோட நடையைக் கட்டு."

சடைச்சி தலையாட்டினாள். மேட்டு வளை. எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது.

ஜப்பான்காரன் அரிசியைத் தேய்த்துத் தேய்த்துப் பாதியாக்குவானாம். பெருச்சாளி சொன்னபடி அவளும் கை கடுக்கக் களைந்தாள். கழுநீரைக் கொட்ட மனசு வராமல் ஒரு பானையில் பிடித்துவைத்து, பக்கத்துக் குட்டையில் கிடந்த எருமையக்காவுக்குத் தினமும் ஊற்றினாள்.

விழா அன்று பெருச்சாளி ராசாவை அழைக்கப் போயிருந்தது. மூலையில் மூடிக் கிடந்த ஜாடியை சடைச்சி திறந்து பார்த்தாள். ஊறின அரிசி நுரைத்துப் பொங்கி நின்றது. புளித்த வாசம் குப்பென்று அடித்தது.

'ஐயோ பாவம், மாவுக்கு ஊறப்போட்டதை அண்ணன் மறந்துட்டாரே. இன்னும் விட்டா வீணாப் போகுமே.'

பீர் என்றால் பாட்டிலில்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அரிசி புளித்தால் ஆப்பத்துக்கு. வேறு எதற்காகவும் அது புளிக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. மேலே நின்ற தண்ணீரை வாழைக்குக் கொட்டிவிட்டு, அரிசியை ஆட்டி, ஓரம் முறுகலாக ஆப்பம் சுட்டு அடுக்கினாள். வாழை அன்று முழுக்கச் சற்றுச் சாய்ந்தே நின்றது.

பெருச்சாளி வந்து ஜாடியைப் பார்த்தது. ஆப்பத்தைப் பார்த்தது. வாசலில் ராசா உட்கார்ந்தாகிவிட்டது. பக்கத்திலிருந்த கழுநீர்ப் பானையில் குவளையை முக்கி, "வாயைத் திறந்தே, தொலைச்சுருவேன்" என்று அவளிடம் பல்லைக் கடித்துவிட்டுப் பரிமாறப் போனது.

ராசா ஒரு மடக்குக் குடித்து, ஆப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"பனி உருகின மாதிரி இருக்கு."

"பேரிக்காய் வாசம் வருதுங்க," என்றது நரி.

"எனக்கு ஏறிருச்சு," என்று யானை ஆடியது. ராசாவும் லேசாக ஆடினார். அப்புறம் யார்தான் நேராக நிற்பது?

கடைசி வரிசையில் எருமையக்காவுக்கும் ஒரு குவளை வந்தது. ஒரே உறிஞ்சலில் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏண்டி சடைச்சி, இது தினம் நீ எனக்கு ஊத்துற கழுநீர்தானே?"

ஆடிக்கொண்டிருந்த எல்லாரும் அப்படியே நின்றார்கள். சடைச்சிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. வளை கண்ணுக்குள் வந்து போனது. பொய் சொல்ல நினைத்தாள். அதற்கும் கூச்சமாக இருந்தது.

"ஆமாக்கா," என்றாள்.

ராசா குவளைக்குள் ஒரு தரம் பார்த்தார். ஊர் முன்னால் பனி என்று சொன்னதை இனி எப்படித் துப்புவது?

"அப்படின்னா இந்த எருமை தினமும் இதையா குடிக்குது?"

"ஒரு பானைங்க."

"நான் ஒரு குவளைக்குக் காத்திருந்தேன். இது பானையாக் குடிச்சிருக்கு. கொழுப்பைப் பாரேன். இனி ஒரு சொட்டும் இதுக்குப் போகக்கூடாது. அத்தனையும் கடைக்கு. சடைச்சி, நீ கடைக்குப் பின்னால இருக்கிற வளையிலேயே இருந்து இதைக் காய்ச்சு."

"காய்ச்சறதெல்லாம் இல்லீங்க, களையறதுதான்," என்றாள் சடைச்சி. அது யார் காதிலும் விழவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. வளைக்குள் குட்டிகள் நனையாமல் தூங்கின. கடையில் கூட்டம் அலைமோதியது. சடைச்சி மூட்டை மூட்டையாக அரிசி களைந்தாள். தண்ணீரெல்லாம் கடைக்குப் போனது. அரிசியை யாரும் கேட்கவில்லை. குட்டிகளும் அவளும் தின்றதுபோக மீதியை எருமையக்காவுக்குப் பொங்கிப் போட்டாள்.

"ருசியா இருக்குடி," என்று அசைபோட்டாள் எருமையக்கா. "அவங்க கிட்ட மட்டும் சொல்லிராதே."

நீதி: பெரிய மனிதர்கள் கழுநீரைப் புகழ்ந்து குடித்தால் திருத்தப் போகாதீர்கள், அரிசி நம் பக்கம் வருவது அப்படித்தான்.