தெற்குச் சரிவுத் திராட்சை

காதலி வீட்டுச் சமையலறையில் கார்க்கைப் பிடுங்கியதும் பாட்டிலிலிருந்து நுரை பொங்கி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் புதுச் சட்டையை நனைத்தது. வைன் இப்படிப் பொங்காது என்பது அவனுக்கே தெரியும்.

பின்னால் ஒட்டியிருந்த சீட்டை அப்போதுதான் படித்தான். பார்லியில் காய்ச்சி, வருஷக்கணக்கில் ஊறவைத்த ஸ்ட்ராங் ஏல். அதாவது பீருக்குப் பெரியப்பா. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன், கார்க்கையும் லேபிளில் போட்டிருந்த வருஷத்தையும் பார்த்து ஏமாந்து வாங்கியிருந்தான்.

ஹாலில் காத்திருந்தவர் அவன் காதலியின் அப்பா, ரிட்டயர்டு நீதிபதி. நல்ல வைனாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். "வைனுக்கும் பீருக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு என் பொண்ணைக் கொடுக்க மாட்டேன்" என்று ஏற்கெனவே இரண்டு வரன்களைத் தள்ளுபடி செய்தவர்.

கரண்டியால் நுரையை வழித்தான். மறுபடி வந்தது. அடங்கட்டும் என்று ஜாடியில் ஊற்றிக் கலக்கினான். அது பொங்கிச் சமையலறைத் தரையெல்லாம் ஓடியது. காதலி துணியைப் போட்டுத் துடைத்தாள். ஒருவழியாக நுரை அடங்கியபோது நிறம் கறுப்புக் காபி மாதிரி இருந்தது.

"சிவப்பா இருக்கணுமே," என்றான் பரிதாபமாக.

அவள் ஒரு பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்துவிட்டாள். இப்போது மண் வாசனையும் சேர்ந்துகொண்டது.

நீதிபதி கோப்பையைச் சுழற்றினார், முகர்ந்தார், ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார்.

"தெற்குச் சரிவுல விளைஞ்ச திராட்சை," என்றார். "தோலோட துவர்ப்பு நாக்குலயே நிக்குது. மண்ணு மணம் வேற. பீர்ல இதெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது. அது தானியத்தைக் கொதிக்க வச்ச தண்ணி."

அவன் தலையாட்டினான், வேறென்ன செய்வான்? இரண்டாவது கோப்பையில் அவர் அவனை மாப்பிள்ளை என்றார். மூன்றாவதில் கட்டிப்பிடித்து அழுது, அடுத்த மாதமே கல்யாணம் என்றார். கேட்காமலே தன் காரையும் கொடுத்துவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

அவனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அதுவரை ஒரு மூலையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த காதலியின் அம்மா, ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவன் கையில் திணித்தார்.

"தெளியறதுக்குள்ள எழுதி வாங்கிடுங்க தம்பி. குடிச்சா கேட்டதுக்கெல்லாம் சரின்னுடுவார்னுதான், ஆறு வருஷமா இவரோட வைன் பாட்டில்ல எல்லாம் நான் வெறும் திராட்சை ஜூஸை ஊத்தி வச்சிட்டிருக்கேன்."