பழம் உருளுது

இந்த நிகழ்ச்சியை எழுதத் தொடங்கும் முன் ஒரு வரையறையைச் சொல்லிவிட வேண்டும். என் கண்ணால் கண்டவற்றையும், குறைந்தது இருவர் தனித்தனியே ஒரே மாதிரி சொன்னவற்றையும் மட்டுமே இங்கே எழுதப்போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. என் மனைவி வீட்டார் கூடும் ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும், பந்தியில் ரசம் வருவதற்குள் இந்தக் கதை ஒருமுறை சொல்லப்பட்டுவிடும். ஒவ்வொரு முறையும் சற்று வளர்ந்திருக்கும். ஒரு வடிவத்தில் என் விமானம் ஓர் எருமையைத் துரத்துகிறது. இன்னொன்றில் மின்சார ரயில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அண்மையில் கேட்ட வடிவத்தில் ஆவடியிலிருந்து பட்டாளமே புறப்பட்டு வந்துவிட்டது. எருமை ஒன்று அங்கே இருந்தது உண்மை. அது மேய்ந்துகொண்டிருந்தது, தலையைக்கூடத் தூக்கவில்லை. ரயில் தன் பாட்டுக்குப் போயிற்று. (பட்டாளத்துக்கு வேறு வேலையே இல்லையா என்ன?)

விமானம் என்றால் பிள்ளைகள் முற்றத்தில் எறிந்து விளையாடும் பொம்மை அன்று. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை அளந்தால் என் மனைவி செல்வியின் உயரத்தைவிட ஒரு முழம் கூடுதலாக இருக்கும். பெட்ரோலில் ஓடும் இயந்திரம்; தரையில் நின்று ரிமோட்டால் இயக்க வேண்டியது. கரணம் அடிக்கவும், மல்லாந்து பறக்கவும், மூக்கை வானுக்கு நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கவும் செய்யப்பட்ட வகை. துண்டு துண்டாக நீளமான பெட்டியில் வந்த அதைப் பூட்டி முடிக்கும்வரை காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹால் என் வசம் இருந்தது. சோபா பால்கனிக்குப் போயிற்று. விருந்தினர்கள் எங்கள் படுக்கையறைக் கட்டில் விளிம்பில், மருத்துவமனைக்கு வந்தவர்களைப் போல வரிசையாக உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

"இன்னாங்க, வர்றவங்க றெக்கை மேல குந்துறதா, வால் மேல குந்துறதா? சொல்லிட்டீங்கன்னா நான் அப்டியே காட்டிடுவேன்" என்றாள் செல்வி. நான் அடுத்த துளையைத் தேடிக்கொண்டிருந்தேன். திருகாணி ஒன்று பல்லிடுக்கில் இருந்தது.

இறுதியில் அவள் ஓர் ஒப்பந்தத்தை முன்வைத்தாள். சாட்சிகளாகத் தன் தாயையும் தம்பி முருகேசனையும் வேப்பம்பட்டிலிருந்து வரவழைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழமை பறக்க உடுறீங்க. ஒழுங்கா எறங்குச்சுன்னா ஹாலு உங்களுது, நான் வாயே தொறக்க மாட்டேன். உழுந்துச்சுன்னா ஹாலு என்னுது. சோபா உள்ள வரும், இது வெளிய போவும்."

"சம்மதம்" என்றேன், ஏதோ இரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கையில் கையெழுத்திடுபவனைப் போல.

இத்தகைய விமானத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது எடை எங்கே மையம் கொண்டிருக்கிறது என்பது. மூக்குப் பக்கம் எடை கூடினால் விமானம் மந்தமாகும், அவ்வளவுதான். வால் பக்கம் கூடினால் அது யார் பேச்சையும் கேட்காது. இறக்கையில் குறிக்கப்பட்ட இடத்தில் பிடித்துத் தொங்கவிட்டால் அது மூக்கையும் தாழ்த்தாமல் வாலையும் தாழ்த்தாமல் மட்டமாக நிற்க வேண்டும். ஆனால் எங்கே தொங்கவிடுவது? எங்கள் ஹால் கூரையில் ஒரு கொக்கி உண்டு. இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகளுக்கு ஒரு காலத்தில் தூளி கட்டிய கொக்கி. அதே நூல் புடவையை அலமாரியிலிருந்து எடுத்து, அதே முடிச்சைப் போட்டு, விமானத்தை அதில் படுக்கவைத்தேன். பேட்டரியை ஒரு விரல் முன்னே தள்ளுவேன், அரை விரல் பின்னே இழுப்பேன், தரையில் படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன்.

"பொண்ண தூங்க வெக்க இதுல பாதி நேரம் நின்னுருந்தா நானும் தூங்கி இருப்பேன்" என்றாள் செல்வி. (நியாயமான பேச்சு. அன்று நியாயத்துக்கு எனக்கு நேரமில்லை.)

விமானம் மட்டமாக நின்றது. வாலின் மடல்களும் இறக்கையின் மடல்களும் ரிமோட் சொன்ன பக்கம் சொன்ன அளவு அசைந்தன. ஒவ்வொன்றையும் சோதித்து முடித்ததும், "சரிபார்த்தது" என்று எழுதிய சிறிய சீட்டை அதன்மேல் ஒட்டினேன். சற்று நேரத்தில் விமானத்தின் வண்ணத்தைவிட என் கையெழுத்தே அதிகம் தெரிந்தது. அதன் வயிற்றில், முன்னிருந்து வால்வரை, நீண்ட புகைக்குழாய் வைப்பதற்கென்று விடப்பட்ட குடைவு ஒன்று உண்டு. நான் பொருத்தியது குட்டைக் குழாய். ஆகவே குடைவு வெறுமையாகக் கிடந்தது. அதன் மூடி காந்தத்தில் ஒட்டி நிற்பது. விரலால் நெம்பினால் வந்துவிடும். அதிலும் ஒரு சீட்டை ஒட்டினேன், மூடியின் நட்டநடுவே. மூடியையும் உடலையும் சேர்த்து ஒட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திராது.

அன்றிரவு அத்தையும் முருகேசனும் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். அத்தை, முருகேசன், செல்வி ஆகிய மூவரும் வெவ்வேறு நேரங்களில் ஹாலில் தனியே இருந்தார்கள். இதை மூவருமே ஒப்புக்கொள்கிறார்கள்.

மறுநாள் காலை முருகேசனின் லோடு வண்டியில் மெத்தை விரித்து, அதில் விமானத்தைக் கிடத்தி, பூந்தமல்லி வழியாக வேப்பம்பட்டுக்குப் போனோம். அங்கே ரயிலடிக்கு அப்பால் ஒரு புதிய மனைப்பிரிவு. ஒரு காலத்தில் அதில் ஒரு பகுதி என் மாமனாரின் கரம்பு நிலம். இப்போது நுழைவாயிலில் வளைவு, வரிசையாக எல்லைக்கல், நடுவே ஒரு வீடும் இல்லாத அழகான தார்ச்சாலை. விமானம் ஏறி இறங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கே மேற்பார்வையாளராக இருந்த பாபு, முருகேசனின் பள்ளித் தோழர். மாலையில் மனை பார்க்க ஆட்கள் வரவிருந்ததால் சாலையின் கோடியில் ஷாமியானா துணிப்பந்தல் போட்டிருந்தார்கள். "பன்னண்டு மணிக்குள்ள முட்ச்சிகினு கெளம்பிடுங்க அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்.

விமானத்தை இறக்கும்போது வால் பக்கம் பிடித்திருந்த முருகேசன் நின்றான்.

"மாமா, உள்ள இன்னாவோ உருள்ற மாதிரி கீது."

"அது பெட்ரோல். தொட்டியில் அலைகிறது."

"பெட்ரோலு டொக்குனு சத்தம் போடுமா மாமா?"

நான் விரலை நீட்டி வயிற்று மூடியின் சீட்டைக் காட்டினேன்.

"ஓ, எய்தி ஒட்டிகீறீங்களா? அப்ப கரெக்டாத்தான் இருக்கும்" என்றான் அவன். அதில் கேலி இருந்ததா என்பதை அப்போது நான் ஆராயவில்லை.

புது வண்டிக்குப் பூசை போடாமல் சக்கரம் உருளக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். மூக்கில் சந்தனம், குங்குமம். இரு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். அத்தை கற்பூரம் காட்டினார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன்; ஆனால் சந்தனத்தின் எடையைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்ற கவலையில் மனம் ஒன்றவில்லை. கவலைப்பட வேண்டிய பொருள் சந்தனம் அன்று.

இயந்திரம் முழங்கியது. சக்கரங்கள் பழங்களை நசுக்கிக்கொண்டு ஓடின. விமானம் எழுந்தது, எழுந்த வேகத்திலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறியது.

"அட்ரா சக்கை!" என்று முருகேசன் கைதட்டினான். நான் அப்படி ஏறச் சொல்லவே இல்லை.

முதல் பறப்பில் செய்ய வேண்டிய வேலைக்கு டிரிம் என்று பெயர். கையை எடுத்துவிட்டால் விமானம் ஏறாமலும் இறங்காமலும் நேரே போக வேண்டும். ஏறினால், ரிமோட்டில் ஒரு சிறு விசையை அழுத்தி வால் மடலை இம்மி அளவு திருத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அது 'பீப்' என்று ஒலிக்கும். மூக்கு தூக்குகிறதே என்று நான் அழுத்தினேன். பீப், பீப். அது பேச்சைக் கேட்கவில்லை. இன்னும் அழுத்தினேன். விமானம் ஒரு கணம் மட்டமாக நின்றது. "ஆயிற்று" என்று மூச்சு விட்டேன். உடனே அது மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்தது. மறுபக்கம் அழுத்தினேன். பீப், பீப், பீப். மட்டமாயிற்று, பிறகு மறுபடியும் வானத்தைப் பார்த்து ஏறியது. சரியான டிரிம் என்று ஒன்று இருக்குமானால் அதை நான் பலமுறை கடந்து போனேன். ஒருமுறைகூட அதில் நிற்க முடியவில்லை.

கீழே இருந்தவர்கள் இதையெல்லாம் வித்தை என்றே நம்பினார்கள். அத்தை கன்னத்தில் கை வைத்து, "மாப்ள எம்மாஞ் சோக்கா உடுறாரு பாரு!" என்றார். விமானம் சாகக் கிடந்த ஒவ்வொரு முறையும் கைதட்டல் எழுந்தது. செல்வி ஒருத்திதான் விமானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, உங்க மூஞ்சி ஏன் இப்டி கீது?"

பதற்றம் வந்தால் எனக்குப் பேச்சு வழக்கு மறந்துவிடும். விமானம் எங்களை நோக்கித் திரும்பியபோது நான் கூவியது இதுதான்: "அனைவரும் உடனடியாகப் பின்வாங்குங்கள்! ஆபத்து நெருங்குகிறது!"

யாரும் அசையவில்லை.

"சாமி ஸ்லோகம் சொல்றாரு போல" என்றார் அத்தை.

"ஓடுங்கடா டேய்!" என்று முருகேசன் மொழிபெயர்த்தான். எல்லைக்கற்களைத் தாண்டி எல்லோரும் ஓடினார்கள். பாபு தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டே ஓடினார்.

விமானத்தை மனிதர்கள் இல்லாத பக்கம் திருப்பி இயந்திரத்தை நிறுத்தினேன். அன்று நான் தெளிந்த அறிவோடு செய்த செயல் அது ஒன்றே. ஓசை அடங்கியது. அது மூக்கைத் தாழ்த்தியது, உயர்த்தியது, யோசித்தது. பிறகு சாலையின் கோடியில் ஆளில்லாமல் நின்ற ஷாமியானாவின் மேல், களைத்துப்போன கொக்கைப் போல உட்கார்ந்தது. கம்புகள் ஒருபுறம் சாய்ந்தன. துணி நடுவே தொய்ந்து அதை வாங்கிக்கொண்டது. காற்றில் லேசாக ஆடியது. பார்ப்பதற்குத் தூளிபோலவே இருந்தது.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வயிற்று மூடி, சீட்டோடு, தரையில் கிடந்தது. மேலே துணிக்குள் ஏதோ அசைந்தது. மஞ்சளாக, உருண்டையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் ஓர் எலுமிச்சம்பழம் துணியின் சரிவில் நிதானமாக உருண்டு வந்து, பாபுவின் காலடியில் விழுந்தது. மூக்கு தூக்கினால் வாலுக்கும், மூக்கு தாழ்ந்தால் மூக்குக்கும், அந்த நீண்ட குடைவில் உருண்டு உருண்டு என் கணக்கையெல்லாம் கவிழ்த்த பழம்.

பாபு அதைக் குனிந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அண்ணாத்தே, உங்க பிளேனு முட்டை போட்டுகீது."

முருகேசன் எல்லைக்கல் ஒன்றில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு அதிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். விமானத்தில் எங்கும் முறிவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான்.

ஒப்பந்தம் அன்று மதியம் சாப்பாட்டின்போது விசாரணைக்கு வந்தது.

"உழுந்துச்சு" என்றாள் செல்வி.

"அக்கா, தரையவே தொடல! தரையத் தொடாதத உழுந்துச்சுன்னு எப்டிக்கா சொல்லுவ?" என்றான் முருகேசன்.

"அப்ப எறங்கவும் இல்லியே?"

இருவரும் அத்தையைப் பார்த்தார்கள். அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "தரைக்கு வர்ல இல்ல? அப்ப தரை உனுக்கு. மேலயே குந்திகிச்சு இல்ல? அப்ப மேல மாப்ளைக்கு. சோறு ஆறுது, துன்னுங்க."

அதன்படியே சோபா உள்ளே வந்தது. விமானம் தூளிக் கொக்கியில், அதே நூல் புடவையில், கூரையோடு ஒட்டித் தொங்குகிறது. ஹாலின் கீழ்ப்பாதி செல்விக்கு, மேல்பாதி எனக்கு. மதிய நேரங்களில் சோபாவில் மல்லாந்து படுத்தால், மின்விசிறிக் காற்றில் அது மெல்லத் திரும்புவதைப் பார்க்கலாம். எனக்கு வேறு குறையொன்றும் இல்லை. அதன்பின் பழம் இல்லாமல் பறக்கவிட்டபோது டிரிம் விசையை அழுத்த வேண்டிய தேவையே ஏறக்குறைய ஏற்படவில்லை. ஒழுங்கான மனிதரைப் போல நேரே போயிற்று. அன்று யாரும் கைதட்டவில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாராவது முடிவெடுக்க முடியாமல் இப்படியும் அப்படியுமாகத் தவித்தால், அதற்கு ஒரு சொல் உண்டு. புடவைக் கடையில் நீலமா பச்சையா என்று செல்வி நின்றால் நான் சொல்வேன். ஊருக்கு இன்று போவதா நாளை போவதா என்று நான் இழுத்தால் அவள் சொல்வாள். எந்தப் பாடத்தை எடுப்பது என்று குழம்பிய மகளிடம் தொலைபேசியில் முருகேசன் சொன்னான்: "இன்னா பாப்பா, பழம் உருளுதா?"

உறுதிப்படுத்த முடியாதது ஒன்றுதான். அந்தப் பழத்தை வைத்தது யார் என்று தெரியவில்லை. முருகேசன், தான் கொண்டுவந்த பழங்கள் சக்கரத்தடியில் நசுங்கிய இரண்டு மட்டுமே என்கிறான். அத்தை, சாமி காரியத்தைச் செய்தால் சொல்லிவிட்டே செய்வேன் என்கிறார். செல்வியைக் கேட்டால் சிரிக்கிறாள். சிரிப்பைச் சான்றாகக் கொள்ள முடியாது. விமானத்தைக் காப்பதற்காக அது வைக்கப்பட்டதா, ஹாலை மீட்பதற்காக வைக்கப்பட்டதா என்பதும் தெரியவில்லை.