நாலு மூலைச் சத்தம்

"மறுபடி ஒரு தரம் சொல்லுங்க சாமி. எப்படி வருது?"

கிருஷ்ணஸ்வாமி நாக்கை மேலண்ணத்தில் தட்டிக் காட்டினார். "டக், டக், டக். அப்புறம் நின்னுடறது."

"எங்க இருந்து?"

"வண்டியிலேர்ந்துதான்."

மெக்கானிக் முஜீப் கையைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினான். அந்த வண்டியின் முன்சீட்டில் யாரும் உட்காருவதில்லை. ஏன் என்று அவன் கேட்டதில்லை.

செவிலிமேடு வரை போய்த் திரும்பினார்கள். கிருஷ்ணஸ்வாமி விதிப்படி ஓட்டுபவர். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹார்ன் அடித்தார். திரும்பி முடிக்கும் வரை கையை எடுக்கவில்லை.

"கேட்டுதா?"

"ஹார்ன் கேட்டுது."

"அதைச் சொல்லலை."

"வேற ஒண்ணும் கேக்கல சாமி. இன்ஜின் ரப்பரா இருக்கும். மாத்திப் பாக்கலாம்."

மாற்றினான். அன்று மாலை டக் டக் அப்படியே இருந்தது. கூடவே டேஷ்போர்டு மூடி நடுங்கத் தொடங்கியது.

அடுத்த வாரம் வீல் பேரிங். மூடியின் நடுக்கம் நின்றது. யாரோ தம்புரா மீட்டுவது போல ஒரு ரீங்காரம் புதிதாக வந்தது.

அதற்கு அடுத்த வாரம் கிளட்ச். ரீங்காரம் போனது. இரண்டாவது கியரும் போனது.

"டக் டக்?" என்றான் முஜீப்.

"அது மட்டும் க்ஷேமமா இருக்கு" என்றார்.

வண்டிக்குப் பதினெட்டு வயது. கிருஷ்ணஸ்வாமிக்கு எழுபத்து மூன்று. பதினோரு வருடங்களுக்கு முன் மனைவி நாமகிரிக்கு முழங்கால் மடங்காமல் போனது. கோயிலை வலம் வராமல் அவளால் இருக்க முடியவில்லை. எனவே தினமும் மாலை அவளை முன்சீட்டில் உட்காரவைத்து மாட வீதி நான்கையும் மூன்று சுற்று வந்தார். பத்து மாதங்களாகத் தனியாக வருகிறார்.

மகன் ஸ்ரீவர்தன் அவள் போன பதினான்காம் நாள் சிங்கப்பூர் திரும்பினான். கிளம்பும்போது வண்டியை விற்றுவிடச் சொன்னான். கிருஷ்ணஸ்வாமி ஒரு வாக்குக் கொடுத்து அவனை அனுப்பினார். வண்டி ஒரு தரம் தகராறு பண்ணினால் போதும், மறுநாளே விற்றுவிடுவதாக.

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பழகுகிறார்.

"அப்பா, சாப்டேளா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"ஆச்சு."

"வண்டி எப்படி இருக்கு?"

"பட்டு மாதிரி போறது."

"சரிப்பா. வெச்சுடட்டுமா?"

"வெச்சுடு."

இரண்டு நிமிடம். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியவை நினைவுக்கு வரும். பக்கத்து வீட்டு முருங்கை விழுந்தது. ரசத்துக்கு உப்பு போட்டோமா என்று கேட்க ஆளில்லாமல் இரண்டு தரம் போட்டது. அடுத்த ஞாயிறுக்குள் இரண்டும் பழசாகிவிடும்.

வண்டி போய்விட்டால் மாலை ஆறிலிருந்து ஆறரை வரை என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தார். ஆறரையிலிருந்து மறுநாள் ஆறு வரை என்ன செய்கிறாரோ, அதையே செய்ய வேண்டும்.

புதன்கிழமை முஜீப் புது யோசனை சொன்னான். "போனைக் குடுங்க சாமி. ரெக்கார்டு போட்டு முன்சக்கரத்துக்கிட்ட கட்டி உட்டுடறேன். மனுசன் காதுக்கு வராதது அதுல வரும்."

"என் போனையா?"

"என் போன்ல கஸ்டமருங்க கூப்புடுவாங்க. உங்களுக்கு யாரு கூப்புடப் போறாங்க?"

கிருஷ்ணஸ்வாமி போனைக் கொடுத்தார்.

இருநூறு அடி போனதும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு டக். பிறகு பின்சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியது.

முஜீப் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான். "டேப்பு சரியில்ல சாமி. பஸ் ஸ்டாண்டுகிட்ட நம்ம சுபியான் கடை இருக்குது. ரெண்டு மூணு நாள்ல சரி பண்ணிக் குடுத்துடுவான். அவசரமா யாராச்சும் கூப்புடுவாங்களா?"

"ஞாயித்துக்கிழமை பிள்ளை கூப்பிடுவான். அதுக்குள்ள வந்தா சரி."

"வந்துடும். சரி, இந்தச் சத்தம் உங்களுக்கு எங்கதான் கேக்குது?"

"கோயிலைச் சுத்தறச்சே."

"இதை மொதல்ல சொல்றது இல்லியா? இன்னிக்கு நானும் வரேன்."

ஆறு மணிக்கு வந்தான். பின்கதவைத் திறந்தவன் நின்றான். "சாமி, பின்னாடி குந்தினா ஒண்ணும் தெரியல. முன்னாடி உக்காரணும்."

கிருஷ்ணஸ்வாமி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்னா நடந்தே வரேன். வண்டி அந்த வேகத்துலதான போவும்?"

"உக்காரு."

பத்து மாதமாகத் திறக்காத கதவு. இரண்டு தரம் இழுக்க வேண்டியிருந்தது. முஜீப் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு சீட்டின் நுனியில் உட்கார்ந்தான்.

கோயில் வீதியில் கிருஷ்ணஸ்வாமி ஹார்ன் அடிப்பதில்லை. பெருமாளை அதட்டுவது போலிருக்கும் என்று நாமகிரி சொல்லியிருந்தாள். முதல் மூலையில் வண்டி மௌனமாக வலப்பக்கம் திரும்பியது.

டக், டக், டக்.

"யா அல்லா!" என்றான் முஜீப். "இதுவா? இத்தினி நாளா ஹார்னை அமுக்கிக்கினு இதையா மறைச்சீங்க?"

"நான் எங்கே மறைச்சேன்?"

இரண்டாவது மூலையில் பூ விற்கும் அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். கண் தொடுக்கும் பூவின் மேலேயே இருந்தது. வீதியில் யாரும் இந்த வண்டியை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒருநாள் வராவிட்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று கிருஷ்ணஸ்வாமி நினைத்துக்கொள்வார்.

முஜீப் தலையை வெளியே நீட்டினான். "அக்கா, உனக்குக் கேக்குதா?"

"கேக்காம?" அவள் நிமிரவில்லை. "நாலு மூலைக்கும் கேக்குது. போ, போ, யாவாரத்தைக் கெடுக்காத."

ஒரு சுற்று முடிந்தது. முஜீப் உற்சாகமாகிவிட்டான். "சாமி, இப்ப அப்படியே எதிர்ப்பக்கமா ஒரு ரவுண்டு அடிங்க. இடதுபக்கம் திரும்பினா வருதான்னு பாக்கணும்."

"எதிர்ப்பக்கமாவா?"

"ஆமா."

"அப்பிரதட்சிணமா?"

"டெஸ்டுக்குத்தான் சாமி."

"பெருமாள்கிட்ட டெஸ்டுன்னு சொல்லிக்க முடியுமாடா?"

"அப்ப இறங்கி நில்லுங்க, நான் ஓட்டறேன். எனக்கு ஒண்ணும் இல்லியே."

"வண்டி என்னோடது."

"வண்டிக்குமா பாவம்?" முஜீப் யோசித்தான். "சரி, செவிலிமேட்டுல காலி கிரவுண்டு இருக்குது. அங்க போய் சுத்தலாம். அங்க பெருமாள் இல்ல."

"பெருமாள் இல்லாத இடம் எது?"

முஜீப் விரல்களை மடக்கத் தொடங்கினான்.

"தெனம் எத்தினி சுத்து?"

"மூணு."

"எல்லாம் இதே பக்கம்?"

"பின்னே?"

"கடைக்கு, பேங்குக்கு?"

"ஆட்டோ."

"மூணு நாலு பன்னண்டு. பதினோரு வருசமா தெனம் பன்னண்டு தபா வலதுபக்கம்." முஜீப் நெற்றியில் அடித்துக்கொண்டான். "இந்த வண்டி இடதுபக்கம் திரும்பி எத்தினி நாளாவுது சாமி?"

"உன் கடைக்கு வர்றச்சே திரும்பறேனே."

"வலதுபக்கம் திரும்பச்சொல்ல பாரமெல்லாம் இடது சக்கரத்துமேல விழும். இடது ஆக்சில் ஜாயிண்ட்டு தேயாம என்ன பண்ணும்? இஞ்சினையும் கிளட்சையும் சும்மா நோண்டிக்கினு இருந்தேனே!"

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வண்டியை முஜீப்பிடம் கொண்டுபோனார். ஆக்சிலைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் மணல் இருந்தது. புது ஜாயிண்ட் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றான். கிருஷ்ணஸ்வாமி பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். போகச் சொல்லியும் போகவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். கிரிக்கெட் பற்றிச் சண்டை போட்டார்கள், அவரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். ஏழரை மணிக்கு ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினார். பதினோரு வருடங்களில் முதல்முறையாக, நாமகிரியின் காரியம் நடந்த நாட்களைத் தவிர்த்து, வலம் வரவில்லை. யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் எட்டு மணிக்கே கிளம்பினார். அவசியமில்லை. ஸ்டூல் காலியாக இருந்தது.

மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்தது. முஜீப் சாவியைக் கொடுத்தான். "இனிமே நீங்க போறது எறும்புக்குக்கூடக் கேக்காது."

ஆறு மணிக்கு முதல் மூலையில் திரும்பினார். சத்தமில்லை. இரண்டாவது மூலையில் அம்சவேணியின் பூக்கூடையை ஈரத்துணி மூடியிருந்தது. அவளைக் காணவில்லை. மூன்றாவது, நான்காவது. சத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை இனிப் பொய் சொல்ல வேண்டியதில்லை. வண்டியை இனி யாரும் விற்கச் சொல்ல முடியாது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பத்து மாதமாக டக் டக் என்று கூடவே வந்த துணையும் இறங்கிப் போய்விட்டது போலிருந்தது. இடப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மூன்று சுற்றையும் முடித்தார்.

வீட்டு வாசற்படியில் அம்சவேணி முகத்தில் முந்தானையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். வண்டி அவள் காலருகே வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கிருஷ்ணஸ்வாமி இறங்கி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

அவள் அலறினாள். வீதி நாய்கள் இரண்டு எழுந்து ஓடின.

"ஐயோ சாமி! நீயா! எப்பிடி வந்த?"

"வண்டியிலதான்." அவர் குரலில் பெருமை இருந்தது. "கேக்கலையோன்னோ? சரி பண்ணியாச்சு."

"சரி பண்ணிட்டியா?" அம்சவேணி தலையில் கைவைத்துக்கொண்டாள். "உம் புள்ள தெனம் ஆறரைக்கு சிங்கப்பூர்லேந்து எனக்குப் போன் பண்ணி, 'அக்கா, அப்பா வண்டிச் சத்தம் கேட்டுச்சா'ன்னு கேப்பாரு சாமி, நேத்து கேக்கலன்னேன், உன் போனும் போவல, காலைல வந்தா வூடு பூட்டிக்கினு இருக்குதுன்னேன், இப்ப அவரு பிளேன்ல வந்துக்கினு இருக்காரு!"