கட்டில் பம்பர்

மதியத் தூக்கம் கலைந்து வாசலுக்கு வந்த பிக்கப்காரர், வண்டியின் மூக்கைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைச் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார். நம்பர் பிளேட் நெளிந்திருந்தது. பிளாஸ்டிக் பம்பர் பாதி உடைந்து, ஆடுகிற பல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"மூணாவது அடி," என்றார் மாமியார், முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி. "நாலாவது விழுந்தா சாவியை வச்சுட்டு என் தம்பி பல்பு கடைக்கு வேலைக்குப் போயிடறேன்னு யாரோ சொன்னாங்க."

"நான்தான் சொன்னேன் அத்தை."

"அதான். நானா ஒண்ணும் சொல்லலை."

முதல் அடி விழுந்த அன்று, வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் என்று மாமியார் குத்திக்காட்டிய ரோஷத்தில் விட்ட வாய் அது. பல்பு கடை என்றால் நாள் முழுக்க ஒரே ஸ்டூல். ஒவ்வொரு பல்பாகச் செருகி, எரிகிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். பீரோவும் மேஜையும் ஏற்றிக்கொண்டு, ஜன்னலில் முழங்கையை ஊன்றி, தன் போக்கில் ஊர் சுற்றிய மனுஷனுக்கு அது ஆயுள் தண்டனை.

இடிக்கிறவன் யாரென்றுதான் பிடிபடவில்லை. வண்டி வாசலில் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது. சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்கிற இரண்டு மணி நேரத்தில் எவனோ வந்து மோதிவிட்டுப் போகிறான். அவர் தூக்கமோ, தலைமாட்டில் இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற தூக்கம்.

"இரும்புல நானே பம்பர் செய்யப்போறேன்," என்றார். "இனி மோதறவன் வண்டி சப்பையாகணும்."

"இரும்புக்கு எங்க போவீங்க? என் கட்டிலை எடுத்துக்கோங்க மாப்பிள்ளை. நான் தரையில படுத்துக்கறேன்."

முழங்கால் வலிக்காரி இப்படிச் சொன்னதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ராத்திரி மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

"அந்தக் கட்டில்ல என்னையே உட்கார விடமாட்டாங்க," என்றாள் மனைவி. "உங்களுக்கு எப்படிக் கொடுத்தாங்க?"

"மாப்பிள்ளை பாசம்."

அளவு டேப் துருப்பிடித்துப்போய்ப் பாதியில் மாட்டிக்கொண்டது. அதனால் மறுநாள் காலை, ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகுமுன் மனைவி கையால் அளந்து, "நாலரை முழம்" என்று கரியால் சுவரில் எழுதிவிட்டுப் போனாள். அவர் தன் கையால் நாலரை முழம் அளந்து வெட்டினார். அவளோ அவர் தோளுக்குக் கீழே நிற்கிறவள். கட்டில் கால்கள், சட்டம் எல்லாவற்றையும் சேர்த்து வெல்டு வைத்து வண்டியில் மாட்டிப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒரு சாணுக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது.

"என் கை எப்படி இருக்கும்னு இத்தனை வருஷத்துல பாக்கலையா?" என்றாள் மனைவி சாயந்திரம் வந்து.

"நாலரைன்னா நாலரைதானே? ஓரத்தை வெட்டிடறேன்."

"வெட்டாதீங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார். "ஓரத்துலதான் அடி விழுது. அதிலும் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் தடிமனா வைங்க."

அனுபவப்பட்டவர் பேச்சு மாதிரி இருந்தது. தண்ணித் தொட்டி ஸ்டாண்டைப் பிடுங்கி இடது பக்கம் சேர்த்தார். தொட்டி குளியலறைக்குள் வந்தது. வீட்டார் அதை அணைத்துக்கொண்டு குளித்தார்கள்.

மறுநாள் தூங்கி எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தார். பம்பரில் ஒரு கீறல் இல்லை. மகிழ்ச்சியில் திரும்பினால், பக்கத்து வீட்டு டெய்லர் தன் காம்பவுண்டு சுவரின் செங்கல்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, உன் வண்டி என் சுவத்தை இடிச்சிருக்கு."

"வண்டி நின்ன இடத்துல நிக்குது. உங்க சுவர்தான் வந்து மோதியிருக்கணும்."

"சுவர் எப்படிப்பா வரும்?"

"அதை உங்க சுவத்தைக் கேளுங்க."

டெய்லர் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் பிக்கப்காரர் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொண்டு, அந்தச் சுவரைத் தானே கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார்.

அதோடு விட்டதா? முன்பாரம் தாங்காமல் வண்டி குனிந்தது. பின்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் சுற்றியது. சரி என்று பின்னால் கருங்கல்லை அடுக்கினார். வண்டி நிமிர்ந்தது. ஆனால் அலமாரி ஏற்றக் கூப்பிட்ட வாத்தியார் எட்டிப்பார்த்துவிட்டு, "என் சாமானை எங்க வைக்கறது? உங்க மடியிலயா?" என்று கேட்டார்.

"கல்லை இறக்கினா வண்டி குப்புற விழுந்துடும் சார்."

"அப்போ கல்லுக்கே ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டு வாத்தியார் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் பிக்கப்காரர் ஏற்றிக்கொண்டு சுற்றியது அதே கருங்கல்லைத்தான்.

சனிக்கிழமை மதியம் எழுந்து வந்தார். முன்பக்கம் மலை மாதிரி நின்றது. பின்பக்கம்தான் கதவு உள்வாங்கி, கருங்கல் இரண்டு தெருவில் கிடந்தது. எதிரே விளக்குக் கம்பம் சாய்ந்து நின்றது.

"பின்னாடி பம்பர் போடலையே மாப்பிள்ளை," என்றார் மாமியார், மூச்சு வாங்க. முட்டி வலிக்கு நடந்துவிட்டு வந்தாராம்.

"நாலாவது அடி அத்தை."

"சொன்ன சொல் பெரிசு. மனசை விட்டுடாதீங்க."

சாவியை மாமியார் கையில் கொடுத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியாருக்கும் கலங்கியது. அந்த மனசைப் பார்த்து அவர் இன்னும் உருகினார்.

திங்கட்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு பல்பு கடைக்குக் கிளம்பினார். வண்டியை ஒருதரம் தடவிக்கொடுத்தார். நாலடி போய், திரும்பி வந்து, மறுபடியும் தடவினார். டிரைவிங் ஸ்கூல் பனியன் போட்ட ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

"யாரும்மா வேணும்?"

"மாப்பிள்ளை பல்பு கடைக்குப் போனதும் வண்டி தன் கைக்கு வந்துடும், ஆனா ரிவர்ஸ் மட்டும் இன்னும் சரியா வரலைன்னு இந்த வீட்டு அம்மா சொன்னாங்க, அவங்களைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"