தங்கை பறந்த அன்று அண்ணன் விழுந்த கதை

அன்புள்ள பாப்பாவுக்கு உன் அண்ணன் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை. ஆகவே நலம். என் மூக்கும் இரண்டு காதுகளும் மட்டும் தோல் உரிந்துகொண்டிருக்கின்றன. உன் அண்ணி நலம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. அவள் தம்பி நலம், ஆனால் நான் விழுந்த விதத்தை ஊருக்கெல்லாம் நடித்துக் காட்டுவதால் அவனோடு நான் பேசுவதில்லை. உன் நலம் கேட்க, காட்சி நடந்த அன்றிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ எடுப்பதில்லை. கோபமாக இருப்பாய், இருக்க வேண்டியதுதான். எடுத்தாலும், "பரவாயில்லை அண்ணா" என்று சொல்லிவிடுவாய், அதைக் கேட்டுக்கொள்ளும் தெம்பு எனக்கு இல்லை. அதனால்தான் கடிதம்.

நீ விமானம் ஓட்ட ஆரம்பித்த நாள்முதல் ஒவ்வொரு கோடையிலும் உங்கள் விமான சாகசக் காட்சிக்குக் கூப்பிட்டாய். ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரனுக்குக் கோடைதான் சீசன். ஊரிலுள்ள கம்பிரசர்கள் எல்லாம் பேசிவைத்துக்கொண்டதுபோல அப்போதுதான் மண்டையைப் போடும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை நீ, "இதுதாண்ணே கடைசி. இதுக்கப்புறம் நான் சொல்லிக்குடுக்குற வேலைக்குப் போயிடுவேன். ஒரு தடவையாவது வந்து பாருங்க" என்றாய். குரல் ஒரு மாதிரி இருந்தது. அன்றைக்கே கடைக்கு விடுமுறை அட்டை எழுதி மாட்டிவிட்டேன்.

நீ சொன்னதையெல்லாம் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. வெள்ளைப் பருத்திச் சட்டை போடுங்கள், அகலமான தொப்பி வையுங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள், கேலரியின் இடது ஓரத்தில் முதல் வரிசையை விட்டு நகராதீர்கள், கடைசிச் சுற்றில் நான் தாழ வந்து உங்களுக்காக இறக்கையைச் சாய்ப்பேன், நீங்கள் வீட்டிலிருக்கும் மஞ்சள் விரிப்பைக் கொண்டுவந்து வீசிக் காட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்கே குளிர் உண்டாக்கிக் கொடுக்கிறவனுக்கு வெயிலைப் பற்றிப் பாடமா? விமானியின் அண்ணன் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்று கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். உன் அண்ணி வேண்டாம் என்றாள். கோட்டின் உள்பைகளில் ஐஸ் பொட்டலம் வைத்தால் உடம்பு முழுக்க ஏசி மாதிரி இருக்கும், இது விஞ்ஞானம் என்று அவளுக்கு விளக்கினேன். வாசலில் காவலுக்கு நின்றவர் எங்களை நிறுத்திச் சோதித்து முடிப்பதற்குள் விஞ்ஞானம் உருகிக் கால்சட்டை வழியாக இறங்கிவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பெரியவரே, கழிப்பறை அந்தப் பக்கம்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மரியாதையாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பழைய ஃபிரிட்ஜ் ஒன்றின் உடம்புக்குச் சக்கரம் வைத்து நானே ஒரு ஐஸ்பெட்டி செய்திருந்தேன். அதை அண்ணியின் தம்பிதான் மூச்சுவாங்க இழுத்து வந்தான். கேலரியில் இரும்புப் பலகை அடுப்பில் வைத்த கல்லாகக் காய்ந்துகிடந்தது. உட்கார்ந்தவர்கள் உடனே எழுந்தார்கள், எழுந்தவர்கள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள், தேசிய கீதம் ஒலிக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தேனா, அக்கம்பக்கம் எல்லாரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. இன்றைக்குப் பறக்கப்போவது என் தங்கைதான் என்று சொல்லிச் சொல்லி ஆளுக்கொரு கட்டி ஐஸ் கொடுத்தேன். ஒரு விமானம்கூட இன்னும் மேலே ஏறவில்லை, அதற்குள் பெட்டி காலி. அப்புறம் குடையை விரித்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஐயா, நாங்க குடையைப் பாக்க வரல" என்றார். சற்றுமுன் என்னிடம் ஐஸ் வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டவர்தான். மடக்கினேன்.

வெயில் நடு மண்டையில் நின்று ஆணி அடித்தது. மைதானத்தில் நிழல் என்று இருந்தது ஒரே ஒரு தண்ணீர் லாரியின் நிழல், அதுவும் வலது கோடியில். "பாப்பா நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்றாள் உன் அண்ணி. ஐந்து நிமிஷத்தில் வந்துவிடலாம், அதற்குள் யார் பறக்கப்போகிறார்கள் என்று நான்தான் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனேன். லாரிக்குப் பின்னால் ஏற்கெனவே பாதி ஊர் ஒட்டிக்கொண்டு நின்றது. ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்தேன். பாப்பா, அந்த நிமிஷம் இருந்த சுகத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அடுத்து வருகிறவர் இந்த அணியின் ஒரே பெண் விமானி என்று ஒலிபெருக்கி சொன்னதும், லாரிக்காரர் வண்டியை எடுத்ததும் ஒன்றாக நடந்தன. சக்கரம் போனது, சாய்ந்திருந்த நானும் போனேன். எழுந்து இடது ஓரத்தைப் பார்த்து ஓடினேன். கோட்டோடு ஓடினேன். பாதி வழியில் தரை தானாக மேலே வந்து முகத்தில் மோதியது.

கண் திறந்தபோது மல்லாந்து கிடந்தேன். முதலுதவிக்கு வந்த நர்ஸம்மா சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நீ வீசச் சொன்ன மஞ்சள் விரிப்பை உன் அண்ணியும் அவள் தம்பியும் முகம் தெரியாத இரண்டு பேரும் நாலு மூலையில் பிடித்து எனக்குப் பந்தலாக நிறுத்தியிருந்தார்கள். மேலே உன் சத்தம் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், நர்ஸம்மா நெஞ்சில் கை வைத்து அழுத்திவிட்டார். "என் தங்கச்சிம்மா மேல பறக்குறா" என்றேன். "அவங்க பத்திரமா எறங்கிடுவாங்க. நீங்க படுங்க" என்றார். சத்தம் தாழ வந்தது. மஞ்சள் துணியின்மேல் ஒரு நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஓடி மறைந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. இடது ஓரத்தில் காலி இடத்தைப் பார்த்து நீ இறக்கையைச் சாய்த்திருப்பாய், விரிப்பைத் தேடியிருப்பாய். துணியைப் பிடித்துக்கொண்டிருந்த உன் அண்ணியும் அழுதாள். வியர்வை என்று பிறகு சொன்னாள்.

இத்தனை வருஷமும் வராமல் இருந்துவிட்டு, வந்த ஒரு நாளையும் இப்படிக் கெடுத்துவிட்டேன். ஊர் முழுக்க ரிப்பேர் பார்க்கிற எனக்கு இதை எப்படிச் சரிசெய்வதென்று தெரியவில்லை. இனி கோடையில் எந்த மைதானத்திலும் கால் வைப்பதில்லை என்று உன் அண்ணி முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். நீ புது வேலையில் நன்றாக இருக்க வேண்டும், உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒழுங்காக மேலே போய் ஒழுங்காகத் திரும்பி வர வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் அண்ணி ஆசி சொல்லச் சொன்னாள், அதுவும் அவள் தம்பி மூலமாக.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்க வழி தெரியாத
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அண்ணிக்கு நீ போன் செய்தாய். ஓடுபாதையில் கண்ணாடி மூடிய விமானத்துக்குள் காத்திருந்தபோது உனக்கே வெயில் தாக்கி மயக்கம் வந்துவிட்டதாம். காலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூட நீ குடிக்கவில்லையாம். உனக்குப் பதில் பறந்தது தாடி வைத்த உன் சகா ஒருவராம், அறிவிப்பாளர் கையிலிருந்த காகிதத்தை அப்படியே படித்துவிட்டாராம். அண்ணனை வரவழைத்து ஏமாற்றிவிட்டோமே என்று வெட்கப்பட்டுத்தான் போனை எடுக்காமல் இருந்தாயாம். அட அசடே. யாரோ ஒரு தாடிக்காரருக்காகவா நான் இவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்தேன்? வேலை மாறுவதற்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பறக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அண்ணி சொன்னாள். அதே மைதானம், அதே உச்சி வெயில். சத்தியத்தை அவளே ரத்து செய்துவிட்டாள். வருகிறோம். தயவுசெய்து நீயும் வா.