மச்சானுக்கு ஒரு சான்றிதழ்

நகராட்சி மக்கள் நலன் கருதி எடுக்கும் முடிவுகளை நான் எப்போதும் மதித்தே வந்திருக்கிறேன். குறுகிய காலத் தங்கல் ஒழுங்குமுறை விதிகளையும் அப்படித்தான் மதித்தேன், அவை என் வீட்டு மாடிப்படி ஏறி வரும் வரைக்கும்.

விதி எளிமையானது. ஒரு வீட்டில் முப்பது நாளுக்குக் குறைவாகத் தங்குகிறவர் எவராக இருந்தாலும் வாடிக்கையாளர். உரிமம் இல்லாமல் வாடிக்கையாளரை வைத்திருந்தால், அவர் தங்கிய அறைக்கு ஆறு மாதம் சீல். உறவினருக்கு விலக்கு உண்டு. ஆனால் அவர் உறவினர்தான் என்று வீட்டுக்காரர் நிரூபிக்க வேண்டும்.

என் மனைவியின் அண்ணன் கண் ஆபரேஷனுக்காக வந்து எங்கள் மாடி அறையில் தங்கியிருந்தார். அவளுடைய தையல் மெஷின்கள் இரண்டும் அந்த அறையில்தான் இருக்கின்றன. ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தைத்துத் தர வேண்டிய முந்நூறு சீருடைகளும் வெட்டிய துணியாக அங்கேதான் குவிந்து கிடந்தன. பள்ளி திறக்க மூன்றே வாரம். அறைக்குச் சீல் வைத்தால் அவள் பிழைப்புக்கும் சேர்த்து வைத்த மாதிரிதான்.

ஆய்வாளர் காலை பத்து மணிக்கு வந்தார். மெலிந்த மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டு வந்த மரியாதைக்காரர். அறையைச் சுற்றிப் பார்த்தார். போர்வை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. துண்டு கொடியில் சுருக்கமில்லாமல் காய்ந்தது. கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த மச்சான் எழுந்து வணக்கம் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்த தங்கையிடம், "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

"சொந்தக்காரங்க யாராவது தண்ணிக்கு நன்றி சொல்லுவாங்களா சார்?"

என் மனைவி ஓடிப்போய் இரண்டு பேருடைய பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துவந்தாள். ஒரே அப்பா, ஒரே அம்மா.

"இது கூடப் பிறந்ததுக்கு ஆதாரம்மா. இப்பவும் சொந்தமா இருக்கீங்கங்கறதுக்கு இதுல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார். 'உறவு நிலை ஆய்வு', மூன்று பிரதிகள்.

"ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாம இருந்த காலம்?"

"அப்படியெல்லாம் இல்லைங்க," என்றார் மச்சான்.

"சொத்துத் தகராறு?"

"சேச்சே."

"சாப்பாட்டைக் குறை சொன்னது உண்டா?"

"தங்கச்சி நல்லா சமைப்பா சார்."

ஆய்வாளர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "வாடிக்கையாளருக்கு உண்டான எல்லா லட்சணமும் இருக்கே! நாளை மறுநாள் மறு ஆய்வு. அதுக்குள்ள ஏதாவது ஆதாரம் தயார் பண்ணுங்க."

எதிர்வீட்டில் நிஜமாகவே வாடகைக்கு ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆள் ஆய்வாளர் முன்னால் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து, "என் பங்கை எப்படா பிரிக்கப் போறே?" என்று கத்தி, அன்று மாலையே சித்தப்பா மகன் என்று சான்றிதழ் வாங்கிவிட்டார். எங்களுக்கு வாய்த்ததோ மச்சான்.

"சாப்பாட்டுல உப்பில்லைன்னு சொல்லுங்க மச்சான்."

"சரியாத்தானே இருக்கு மாப்பிள்ளை?"

"துண்டைக் கட்டில் மேல தூக்கிப் போடுங்க."

போட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்துக் கொடியில் காயப்போட்டார். இரண்டு நாளும் இப்படியே போயின. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறு ஆய்வு தொடங்கியது. ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உப்பு... கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்திவிட்டார்.

என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்கு எப்பத்தான் வாய் வந்திருக்கு? அப்பா வீட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்டப்பவும் இப்படித்தானே வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டே?"

இது பயிற்சியில் இல்லை.

"அம்மா வைத்தியத்துக்குத்தான் வித்தேன்," என்றார் மச்சான். "நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. நீ எத்தனை நாள் வந்தே?"

"கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எப்படி வர்றது? ஒரு தடவையாவது கூப்பிட்டியா?"

"அம்மாவைப் பார்க்கக் கூப்பிடணுமா?"

ஆய்வாளரின் பேனா காகிதத்தில் விடாமல் ஓடியது.

"மிகவும் திருப்திகரம்," என்றார் ஆய்வாளர்.

மச்சான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் போர்வையை மடிக்காமல் போனார். ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார். 'மேற்படி நபர் மேற்படி வீட்டாரின் மெய்யான உறவினர் என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது.' கீழே வட்ட முத்திரை. அதைக் கையில் வைத்துக்கொண்டு காலிக் கட்டிலைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் மறுபடி கண்ணைப் பார்க்க வேண்டியிருந்ததால் மச்சான் ஊருக்குப் போகவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் இருந்தார். என் மனைவி முந்நூறு சீருடைகளையும் வாயைத் திறக்காமல் தைத்து முடித்தாள். முடித்த அன்று காலை என்னையும் இழுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனாள்.

"வாங்க, உக்காருங்க," என்றார் மச்சான் தன் தங்கையைப் பார்த்து. அவள் கண் கலங்கியது.

"வீட்டுக்கு வாண்ணா. சும்மா நடிக்கத்தானே சொன்னோம்?"

"நீ நடிச்சியா பாப்பா?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறைக் கதவு திறந்தது. தோளில் துண்டும் கையில் பல் பிரஷ்ஷுமாக ஆய்வாளர் வெளியே வந்தார்.

"இங்கேயும் ஆய்வா சார்?" என்றேன் எரிச்சலோடு.

"இல்லைங்க, இங்கதான் தங்கியிருக்கேன்."

"உங்களுக்கு இந்த ஊர்தானே?"

"வீடு அடுத்த தெருதான். விதி வந்தப்ப, மாதிரிக்கு முதல் ஆய்வை உன் வீட்டுலயே நடத்துன்னாங்க. நடத்தினேன்." குழாயைத் திறந்து கையை நனைத்துக்கொண்டார். "அப்பாவுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு, அக்காவுக்கு ஒண்ணு. மூணு சான்றிதழ் வச்சிருக்கேன் சார். மூணும் அசல்."